மண்ணாகாத பனியன்

கூச்சப்படுகிறவனிடம் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். அவன் பேரம் பேச மாட்டான். திருப்பிக் கொடுக்க மாட்டான். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதில் பணத்தைக் கட்டிவிட்டு ஓடிவிடுவான். நான் அப்படித்தான் ஒரு பனியன் வாங்கினேன். (டீ-ஷர்ட் என்று சொல்ல வேண்டுமாம். வாங்கிச் சில வருடங்கள் ஆகியும் கோபம் தணியவில்லை. கோபத்தில் எனக்குப் பனியன் என்றுதான் வாயில் வருகிறது.)

ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் காலையில் நட என்றார் டாக்டர். நான் பெங்களூர் தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் டீ, காபி போட்டுக் கொடுக்கிறவன். நாள் முழுக்கத் தட்டோடு நடக்கிறேனே என்றேன். அதெல்லாம் கணக்கில் வராதாம். சரியென்று எங்கள் ஜீவனஹள்ளிப் பக்கத்துப் பூங்காவில், ஆபீஸ் சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டு, பெல்ட் போட்டு நடந்தேன். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, பூங்காவில் விளக்கு எரியவில்லை, எப்போது சரிசெய்வீர்கள் என்று சத்தம் போட்டார். மாநகராட்சி ஆள் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதைக் கேட்டு என் மகள் சுஜாதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு புத்தி சொன்னாள்.

"ப்பா, நடக்கறதுக்குன்னு ஒரு டீ-ஷர்ட் வாங்கிக்கோ. ஆனா பச்சை இலை படம் போட்டிருக்குன்னு ஏமாந்து வாங்கிக்கினு வராத. இப்ப எல்லா கம்பெனிக்காரனும் இலை போடறான். உள்பக்கம் தையல்ல குட்டியா ஒரு துணி தெச்சிருப்பான், அதுல என்னா நூலுன்னு எழுதிருக்கும். அதப் படி. புரியலனா கேளு. இயற்கைன்னு சொன்னான்னா, எதுல இருந்து, எவ்ளோன்னு கேளு. மழுப்பினா வெளிய வந்துடு."

"சரி" என்றேன். நான் எல்லாவற்றுக்கும் சரி என்கிறவன்.

அலுவலகத்துக்குப் போகும் வழியில் அந்தக் கடை இருந்தது. உள்ளே போனதும் நர்சரிக்குள் வந்துவிட்டோமோ என்று திரும்பப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் செடி. சுவரில் சாக்குத் துணி. எங்கிருந்தோ தண்ணீர் ஓடும் சத்தம். (குழாயை மூடாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பாட்டுப் பெட்டியில் இருந்து வருகிற சத்தம்.) ஒரு பெண் வந்து இங்கிலீஷில் பேசினாள். எஸ் என்றேன். இன்னும் பேசினாள். இன்னும் எஸ் என்றேன். அவள் சந்தோஷப்பட்டு, தமிழ் தெரிந்த ஒரு தம்பியைக் கூப்பிட்டாள்.

"சார், இது சோளத்துல இருந்து செஞ்சது. பூமிக்கு ஒரு கெடுதலும் இல்ல. பழசானா மண்ல போட்டுடுங்க. ஆறே மாசம். மண்ணாயிடும் சார்!"

எதுல இருந்து, எவ்ளோ? கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சரி, படித்தாவது பார்ப்போம் என்று உள்பக்கத் துணியைத் திருப்பினேன். நான் ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பி, ஓ, எல் என்று மூன்று எழுத்து தாண்டுவதற்குள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பனியனை என் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுவிட்டாள்.

அதோடு விட்டார்களா? வாசலில் ஒரு மணி. வாங்கினவர்கள் பூமிக்காக அடிக்க வேண்டுமாம். அடித்தேன். கடை மொத்தமும் கைதட்டியது. எனக்குக் கல்யாணத்தில்கூட யாரும் அப்படிக் கைதட்டவில்லை. வியர்த்துப்போய் வெளியே ஓடிவந்தேன்.

இரண்டாம் நாளே பனியன் நாறியது. சாதாரண நாற்றம் இல்லை, துவைத்தும் போகாத நாற்றம். என் மனைவி மல்லிகா, "என்னாங்க, குளிச்சீங்களா, குளிக்கற மாதிரி தண்ணியத் தொறந்து விட்டீங்களா?" என்று கேட்டாள். சுஜாதா பனியனைத் திருப்பி உள்ளே படித்தாள்.

"முக்கால்வாசிக்கு மேல பாலியஸ்டர் ப்பா. பிளாஸ்டிக்கு. தொவைக்கத் தொவைக்கத் தூளா உதிர்ந்து தண்ணில போவும். சோளம்னு சொன்னாங்களே, அது கடைசி வரியில ஓரமா குந்திக்கினு இருக்கு. இதுவா மண்ணாவும்?"

எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரன் மேல் வந்திருக்க வேண்டிய கோபம், மகள் மேல் வந்தது. ஏமாந்தவன் முதலில் ஏமாற்றினவனுக்காகத்தான் வக்காலத்து வாங்குகிறான். ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அத்தன செடி வெச்சிருக்கறவன் பொய் சொல்லுவானா? மண்ணாவும். ஆறு மாசத்துல காட்டறேன் பாரு!"

எங்கள் வீடு ஒரு காம்பவுண்டுக்குள் இருக்கிறது. கீழே நான்கு குடித்தனம். மாடியில் வீட்டுக்காரர் சரோஜம்மா. வாசலில் அவருடைய எலுமிச்சை மரம். அதன் அடியில்தான் மண் இளகலாக இருக்கும். யாராவது பார்த்து என்ன செய்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று, லீவு நாள் ஒன்றில் விடிவதற்கு முன் எழுந்தேன். பனியனைச் சுருட்டி, கடையில் பையைக் கட்டிக் கொடுத்த சிவப்பு நூலாலேயே கட்டினேன். சீக்கிரம் மக்கட்டும் என்று வெந்நீர் அடுப்புச் சாம்பலும், மல்லிகா ரோஜாத் தொட்டிக்கு வைத்திருந்த முட்டை ஓடும் போட்டு மூடினேன்.

அன்றைக்கு அமாவாசை. சத்தியமாக எனக்குத் தெரியாது. கோலார் தங்கவயலில் இருந்த காலத்திலேயே எங்கள் குடும்பம் பௌத்தக் குடும்பம். எங்களுக்குப் பௌர்ணமிதான் கணக்கு.

எலுமிச்சை மரம், அமாவாசை, சிவப்பு நூல், சாம்பல், முட்டை ஓடு. படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். குழிக்குப் பக்கத்தில் நின்ற எனக்குப் புரியவில்லை. எதிர்வீட்டு பிலோமினா குளியலறை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவருக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது.

மழைக்காலம் போனது. அந்தச் சமயத்தில் சரோஜம்மாவின் தண்ணீர் மோட்டார் எரிந்தது. முழங்கால் வீங்கியது. கடைசியில் அவர் மகனுக்குக் கனடா விசா கிடைக்காமல் போனது. ஆறுதல் சொல்லப் போன பிலோமினா, ஆறுதலோடு நிறுத்தவில்லை.

சரோஜம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கன்னடத்துக்காரர். கோபம் வந்தால் தமிழும் கன்னடமும் கலந்து கொட்டும்.

"ஏனு கௌதமு, என் மரத்தடியில மாட்ட மந்திரமா? சூனியமா வெச்சே? இத்தன வருஷம் கூடப் பொறந்த தம்மா மாதிரி நெனச்சேனே! மாசக் கடைசிக்குள்ள மனை காலி மாடு!"

சுஜாதா பிறந்த வீடு அது. நாங்கள் கொடுக்கிற வாடகைக்குப் பெங்களூரில் இப்போது கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. அப்போதே விளக்கியிருக்கலாம். வாய் திறந்தேன்.

"அம்மா... அது... ஒரு பனியன்..."

"பனியனா? யார் பனியன்? என் மகன் பனியனா!"

அவ்வளவுதான். அவர் அழுதுகொண்டே மாடிக்கு ஓடி, கொடியில் துணிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். மல்லிகா பின்னாலேயே போய்க் கெஞ்சினாள். கதவு திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல்லில் இருந்து ஒரு பூசாரியை வரவழைத்தார்கள். பஸ்ஸில் வந்தார். அதற்குள் தெரு மொத்தமும் காம்பவுண்டுக்குள். எலுமிச்சை மரத்தைச் சுற்றிவந்து, மூக்கை உறிஞ்சி, "வெச்ச கைதான் எடுக்கணும்" என்றார் பூசாரி. மண்வெட்டியை என்னிடம் கொடுத்தார்கள்.

என் அப்பா தங்கச் சுரங்கத்தில் இறங்கித் தோண்டினவர். மகன் ஊர் கூடி வேடிக்கை பார்க்கப் பனியன் தோண்டினேன்.

தோண்டும்போது என் மனசுக்குள் ஒரே ஓர் ஆசை. அந்தக் கடைத் தம்பி சொன்னது உண்மையாக இருக்க வேண்டும். ஆறு மாதம் முடிந்துவிட்டது. பனியன் மண்ணாகியிருந்தால் குழியில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லையென்றால் சூனியமும் இல்லை, வீட்டைக் காலிசெய்யவும் வேண்டாம். என் குடும்பம் தெருவுக்கு வருவதும் வராததும் ஒரு கம்பெனியின் விளம்பரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்படியும் ஒரு மனிதனுக்கு நேருமா?

சாம்பல் மண்ணோடு மண்ணாகிவிட்டது. முட்டை ஓடுகூடப் பொடிப்பொடியாகிவிட்டது. பனியன் வந்தது. முழுசாக வந்தது. வாங்கின அன்று இருந்ததைவிடக் கொஞ்சம் புதுசாகவே இருந்தது. சட்டென்று ஒரு உதறு உதறினேன், மண் கொட்டியது. நெஞ்சில், சுஜாதா ஏமாறாதே என்று சொன்ன அந்தப் பச்சை இலை பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

"பாத்தியாம்மா?" என்றார் பூசாரி. "இவ்ளோ மழைக்கும் ஒரு நூல் போவல. சாதாக் கட்டு இல்ல இது. கேரளாக் கட்டு." பனியனைக் குச்சியால் புரட்டி, உள்ளே தைத்திருந்த துணியைக் கண்டுபிடித்தார். "இதோ யந்திரம்! முக்கோணம், சதுரம், சதுரத்துக்குள்ள வட்டம்!"

"அய்யோ சாமி, அது எப்படித் தொவைக்கணும்னு போட்டிருக்கற படம்!" என்று கத்தினாள் சுஜாதா.

"எல்லாத்தையும் தொவைக்கறதுக்குத்தாம்மா வெச்சிருக்கான்!"

சரோஜம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டார். அப்போது எனக்குள் ஏதோ அறுந்தது. பிறந்ததிலிருந்து நான் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அத்தனை வருடத்துக்கும் சேர்த்து வந்தது.

"மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! இது பாலியஸ்டரு! பிளாஸ்டிக்! நடக்கறதுக்கு வாங்கினேன். மண்ணுல போட்டா மண்ணாயிடும்னு சொன்னான், நம்பினேன். எம் பொண்ணு ஆவாதுன்னு சொன்னா, அவகிட்ட ரோஷம். அதான் பொதச்சேன். என்னப் புடிச்சு நிக்க வெக்கறீங்களே, செடி வெச்சு, தண்ணி சத்தம் வெச்சு, மணி வெச்சு, கண்ணக் கட்டி காசப் புடுங்கனான் பாரு ஒருத்தன், அவன்தான் மந்திரவாதி! ஏசி போட்டுக் குந்திக்கினு இருக்கான். போய் அவனப் புடிங்க! யோவ் சாமி, உனக்குத் தெகிரியம் இருந்தா அவன் கடையில போய் எலுமிச்சம்பழம் வெட்டு!"

சரோஜம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"இதுக்கு எஷ்டு குடுத்தே?"

சொன்னேன்.

கூட்டத்தில் யாரோ "அம்மாடி" என்றார்கள். மல்லிகா எலுமிச்சை மரத்தைப் பிடித்துக்கொண்டாள். பூசாரி, "எவ்ளோன்னு சொன்னாரு?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பையைச் சுருட்டினார். "இதுக்கு எங்கிட்ட பரிகாரம் இல்லம்மா."

சரோஜம்மா ஊரைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார்.

"எல்லாரும் ஹோகி, போங்க. ஒரு பனியனுக்கு இவ்ளோ துட்டு குடுக்கறவனுக்கு சூனியம் மாடற அளவுக்கு மூளை எல்லி இருக்கும்? பாவம். கௌதமு, நீ இங்கயே இரு."

வீடு தப்பியது. மானம் போனது. முட்டாள் என்று நிரூபித்து விடுதலை வாங்கின குற்றவாளி பெங்களூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாளே பனியனோடும் சுஜாதாவோடும் அந்தக் கடைக்குப் போனேன். அதே தம்பி. மண் வாசனையை முகர்ந்ததும் அவன் முகம் மாறியது. "சார், சாதா மண்ல ஆகாது. அதுக்குன்னு தனி பேக்டரி இருக்கு, அங்க சூட்டுல வெச்சாதான். அதுவும் சோள நூல் மட்டும்தான் சார்."

"அந்த பேக்டரி எந்த ஊர்ல இருக்குது?" என்று கேட்டேன். ஒரு கடையில் நின்று நான் கேட்ட முதல் கேள்வி அது.

"செக் பண்ணிச் சொல்றேன் சார்." இன்னும் செக் செய்துகொண்டிருக்கிறான். நாங்கள் வெளியே வரும்போது யாரோ மணி அடித்தார்கள். உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த வாரமே சிவாஜிநகர் பிளாட்பாரத்தில் ஒரு பாய் கடையில் நின்றேன். "இது என்னா நூலு பாய்?" என்றேன். "பாலியஸ்டருண்ணா. வேர்க்கும், நாறும், ஆனா பத்து வருஷம் கிழியாது. பருத்தி வோணும்னா அந்தப் பக்கம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இரண்டையும் வாங்கவில்லை. வீட்டிலிருந்த பழைய பருத்திச் சட்டையின் கையைச் சுஜாதா வெட்டித் தைத்துக் கொடுத்தாள். அதில்தான் நடக்கிறேன். அந்தப் பனியனை மல்லிகா தரை துடைக்கப் போட்டிருக்கிறாள். அருமையாகத் துடைக்கிறது. அப்படிச் சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

இப்போது எங்கள் காம்பவுண்டுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் சரோஜம்மா என்னைக் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைக்கிறார். "இவரு கௌதமு. சூது வாது கொத்தில்ல, ஒண்ணும் தெரியாது. ஒரு பனியன் வாங்கினாரு, எவ்ளோ துட்டுக்குன்னு சொல்லுங்க பாக்கலாம்." அவர்கள் ஏதோ சொல்வார்கள். அவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு விலையைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்கிறார். சுஜாதா பின்னால் நின்று, "ப்பா, ஆன்ட்டி ஓவரா ஏத்தறாங்க, நீ ஒண்ணும் கேக்க மாட்டியா?" என்று என்னைக் கிள்ளுவாள்.

என்னத்தைக் கேட்பது? மரத்தடியில் அன்றைக்கு மல்லிகா நின்றுகொண்டிருந்தாளே என்று நான் பாதி விலையைத்தான் சொன்னேன். சரோஜம்மா இத்தனை நாளாக ஏற்றியும் இன்னும் நிஜ விலைக்கு வந்து சேரவில்லை.