உப்பு கம்மிக்கா

உக்காருங்கப்பா, உக்காருங்க. பீடியை அணைச்சிட்டு, செல்லை பாக்கெட்ல போட்டுட்டு, வாயை மூடிக்கினு உக்காருங்க. முனியா, உனக்கும் சேத்துதான். நீ ஒருத்தன் மூச்சு விட்டாலே நாலு பேரு பேசற மாதிரி கேக்குது.

ஊர்ல இருக்கற புருசன்மாருங்க எல்லாம் பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்காம எப்படித் தப்பிக்கலாம்னு யோசிப்பானுங்க. எப்படியாவது ஒரு திட்டு வாங்கியே தீரணும்னு சபதம் போட்ட ஒரே ஆளு நாந்தான், இந்த வீரமுத்து.

எங்க அமிர்தம் திட்டு உங்களுக்குத் தெரியாததா? அவளும் சக்கரை மில்லு சங்கும் ஒண்ணா ஆரம்பிச்சா, சங்கு வெக்கப்பட்டு நின்னுடும். நான் கரும்பு வெட்டிட்டு வந்து வாசல்ல கால் வெப்பேன். "கரும்பு வெட்டப் போனியா, காவலுக்குப் போனியா, சட்டையில ஒரு கரும்புச் சோகை கூட இல்ல"ம்பா. மறுநாள் சோகையோட போவேன். "குப்பைய வூட்டுக்குள்ள கொண்டாறியா"ம்பா. சொகமா இருக்கும்ப்பா. அப்பத் தெரியல.

எனக்கு சீரா வந்தது ரெண்டே ரெண்டு. ஒரு அண்டா, ஒரு மச்சான். அண்டா ஓட்டை. மச்சான் தங்கம். தமிழழகன்னு பேரு. தவழற வயசுலயே அவன் ஆத்தா போய்ட்டா. அமிர்தம்தான் இடுப்புல வச்சு வளத்தா. கல்யாணம் ஆகி வரும்போதும் இடுப்புலயேதான் வந்தான்.

வளந்து என்கூடவே கரும்பு வெட்ட வந்தான். அவனுக்கு ஒரு பழக்கம். தட்டுல சோறு விழுந்தா போதும், வாயில கூட வெக்க மாட்டான், "அக்கா, உப்பு கம்மிக்கா"ம்பான். அவ்ளோதான். "வாயில வெக்காம எப்பட்றா தெரியும், உன் கண்ணுலயா நாக்கு இருக்குது"ன்னு ஆரம்பிப்பா. அவன் சிரிச்சிக்கினே துன்னுவான். கடைசி வாய் வரைக்கும் அவ நிறுத்த மாட்டா. தெனம் இதான் எங்க வூட்டு சோறு.

போன வருசம் பொங்கலுக்கு முன்னால, கரும்பு லோடு மேல உக்காந்துக்கினு வந்தவன், மில்லு ரோட்டுல விழுந்தான். எழுந்திருக்கல.

அன்னியிலேர்ந்து அமிர்தத்துக்கு ஒரே பேச்சுதான். "ம்." சோறு ஆக்கட்டுமான்னு கேக்க மாட்டா. ஆக்கி வெப்பா. நல்லாருக்குதுன்னு சொன்னா "ம்." நல்லால்லன்னு சொன்னாலும் "ம்." வேணும்னே சேத்துக் காலோட உள்ள போனேன். தொடப்பம் எடுத்தா. பரவால்ல, அடியாவது கெடைக்கும்னு நின்னேன். தரையைக் கூட்டிட்டுப் போய்ட்டா. இதோ இந்த முனியன், எதிர்வூட்டுக்காரன், "இன்னாடா, உன் வூட்ல ரேடியோ ரிப்பேரா"ன்னான். சிரிச்சேன். வூட்டுக்குப் பின்னால போய் நின்னு சிரிச்ச சிரிப்பை தொடச்சிக்கினு வந்தேன்.

நான் யாரு மாதிரி வேணா பேசுவேன். கண்டக்டர், மேஸ்திரி, ஆட்டுக்குட்டி, பஸ் ஹாரன். காக்கா மாதிரி கத்துனா காக்காவே திரும்பிப் பாக்கும். எங்கப்பன் தெவசத்துக்கு காக்கா வரல. செவுத்துக்குப் பின்னால நின்னு நாந்தான் கத்தி, உருண்டையை நானே துன்னேன். அமிர்தம் கையெடுத்துக் கும்புட்டா. பாவம், அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினேன். ஆனா தமிழழகன் கொரலு மட்டும் எனக்கு வர மாட்டேங்குது. "அக்கா"ன்னு ஆரம்பிச்சா அங்கியே நின்னுடுது.

வருசம் திரும்புச்சு. தெவசத்துக்கு வெற்றிசெல்வன் வந்தான். கல்வராயன் மலைப் பையன், தமிழழகனோட கூட்டாளி. இப்ப மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்ல சமைக்கிறான். நம்ம ஊர்ல மாஸ்டர்ம்போம். அங்க செஃப்பாம். தலையில கூம்பு மாதிரி தொப்பி வெப்பாங்களாம். "தொப்பி எதுக்கு மாப்ள, மேல ஒழுகுமா?"ன்னு கேட்டேன். "மாமா, என் கூட்டாளிக்கு இன்னிக்கி நாந்தான் ஆக்குவேன்"ன்னான். மலையிலேர்ந்து சாமை அரிசி மூட்டை கட்டிக்கினு வந்திருந்தான். சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் கொழம்பும். தமிழழகனுக்கு அதான் உசுரு.

மூணு பேரும் கள்ளக்குறிச்சி சந்தைக்குப் போனோம். செஃப்பு சாமான் வாங்கறத நீங்க பாக்கணும். வெங்காயத்தை டாக்டரு நாடி புடிக்கற மாதிரி புடிக்கிறான். மல்லியைக் கசக்கி மோந்து பாத்து கண்ண மூடிக்கினு நிக்கிறான். கடைக்காரன், "தம்பி, மயக்கமா, சோடா வேணுமா"ன்றான். அமிர்தம் பையைப் புடிச்சிக்கினு பின்னால வரா. ஒரு பேச்சு இல்ல.

கோழி விக்கற லட்சுமியம்மாளாண்ட போனோம். செஃப்பு ஒவ்வொரு கோழியா தூக்கிப் பாத்து, றெக்கையை ஊதிப் பாத்து, கீழ விட்டான். அந்தம்மா, "கோழி பாக்கறியா, பொண்ணு பாக்கறியா"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் அமிர்தத்தைப் பாத்துச்சு.

"இன்னாம்மா, ஒரு வருசமா ஆளையே காணோம். உன் தம்பி எங்க? கோழிக் கால்ல கயிறு கட்டித் தோள்ல போட்டுக்கினு போவானே."

அமிர்தம் குனிஞ்சு, வெற்றிசெல்வன் ஒதுக்கி வச்ச கோழியைத் தூக்கி இடுப்புல வச்சிக்கினா. கோழி கழுத்த தடவிக்குடுத்துக்கினே இருந்தா. அந்தம்மாளுக்குப் புரிஞ்சிடுச்சி. அதுக்கப்புறம் வெலையே பேசல.

அப்பதான் முடிவு பண்ணேன். இன்னிக்கி விடக் கூடாது. செஃப்பைத் தள்ளிக்கினு வாழைத்தார் கடைக்குப் பின்னால போனேன்.

"மாப்ள, கொழம்புல உப்பு போடாத."

அவன் மொகம் சுருங்கிடுச்சி. "மாமா, படையல் கொழம்பு. உப்பில்லாம எறக்குனா எனக்குக் கை கூசும்."

"கேளுடா. படையலுக்கு ஆக்கறத எச்சி பண்ணி ருசி பாக்க மாட்டாங்க. இலையில விழுந்து வாயில வெக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது. மொத வாயிலயே அவளுக்கு சுர்ருன்னு ஏறும். தம்பி படையலாச்சே, வுடுவாளா? என்னைத் திட்டுவா, உன்னைத் திட்டுவா, உன் தொப்பியைத் திட்டுவா. எனக்கு அது போதும்."

"தமிழழகன் கோச்சிக்க மாட்டானா?"

"அவனுக்கு எப்படிப் போட்டாலும் கம்மிதானடா. இன்னிக்கி ஒரு நாளாவது அவன் சொன்னது உண்மையா இருக்கட்டும்."

அவன் தலையைச் சொறிஞ்சான். சரி மாமான்னான். திரும்பிப் பாத்தா அமிர்தம் வாழைத்தாருக்கு அந்தப் பக்கம் நிக்கறா, இடுப்புல கோழியோட. அவ பாட்டுக்கு நடந்தா. போற வழியில ஒரு பை கல்லுப்பு வாங்குனா. வூட்ல ஜாடி நெறைய உப்பு இருக்குது. பாவம், சோகத்துல மறந்துட்டான்னு நெனச்சிக்கினேன்.

வூட்டுக்கு வந்து செஃப்பு வேலைய ஆரம்பிச்சான். கொல்லையில கல்லு அடுப்பு. மொளகா, மல்லி, சீரகம், தேங்கா வறுத்து அம்மியில அரைச்சான். அமிர்தம் வெங்காயம் உரிச்சிக் குடுத்துக்கினு பக்கத்துலயே இருந்தா. கொழம்பு கொதிக்கும்போது அவனுக்கு ஓட்டல் பழக்கம், கரண்டியைத் தூக்கி வாயாண்ட கொண்டு போய்ட்டான். நான் ஒரே தாவா தாவி கையைப் புடிச்சேன். "மாப்ள, இது படையலு." எம் மொகத்துல தெறிச்சி கன்னம் பொத்துப் போச்சு. அமிர்தம் ஈரத்துணி எடுத்தாந்து கன்னத்துல வச்சா. கண்ணு கலங்கிடுச்சி எனக்கு. கொழம்பு காரம், வேற ஒண்ணுமில்ல.

போட்டோவுக்கு சந்தனம், குங்குமம், மாலை. அவன் போடாமயே வச்சிருந்த புதுச் சட்டைய பக்கத்துல வச்சா. தலைவாழை எலை. சாமைச் சோறு, கொழம்பு. கற்பூரம் காட்டிட்டு, காக்காவுக்கு ரெண்டு உருண்டை புடிச்சா. ஒண்ண செவுத்து மேல வச்சா, என் கைக்கு எட்டற எடம். இன்னொண்ண செஃப்பு ஏணி போட்டு ஏறி கூரைத் தகர சீட்டு மேல வச்சான். ரெண்டு எதுக்குன்னு கேட்டேன். "ம்"ன்னா.

காக்கா எடுத்தாதான் நாம துன்னணும். முனியன் பசியில எலைக்கு முன்னாலயே உக்காந்துட்டான். "கா, கா"ன்னு கூப்புட்டோம். மத்த நாள்ல கரண்ட் கம்பி முழுக்க அதுங்கதான். இன்னிக்கி ஒண்ணு இல்ல. வெயில் மேல ஏறுச்சி. முனியன் சும்மா இருந்தானா? "உன் மச்சானுக்கு ஏதோ கொறை, அதான் வரல"ன்னான்.

அமிர்தம் மேல பாத்துக்கினே நின்னா. அந்த மொகத்தை என்னால பாக்க முடியல. திட்டும் வேணாம், திட்டமும் வேணாம், அவன் வந்துட்டான்னு அவ மனசு ஆறட்டும், அது போதும்னு தோணுச்சி. ஒண்ணுக்குப் போறேன்னுட்டு நழுவி, செவுத்துக்குப் பின்னால போய்க் குந்தினேன்.

கத்துனேன். அடித்தொண்டையில, உசுரக் குடுத்து. "கா... கா..." அந்தப் பக்கம் முனியன், "தோ வந்துட்டான்டா"ன்றான். கையை மேல நீட்டி உருண்டையை எடுத்தேன். முழுசா வாயில போட்டேன்.

அப்பா. உப்பு. கொழம்பு உப்பில்ல, சோத்து உப்பில்ல, கடலு. அந்த ஒரு பை கல்லுப்பும் அந்த உருண்டைக்குள்ளதான் இருந்துச்சு. படையலாச்சே, துப்பவும் முடியல. முழுங்கவும் முடியல. கண்ணு ரெண்டும் வெளிய வந்துடுச்சி. மேல பாத்தா, சீட்டு மேல நெஜக் காக்கா ஒண்ணு. எப்ப வந்துச்சோ தெரியல. அந்த இன்னொரு உருண்டைய நிதானமா துன்னுக்கினு இருக்குது.

திரும்புனேன். செவுத்தோரம் அமிர்தம், கையில சொம்புத் தண்ணி. அவளுக்குப் பின்னால செஃப்பு, சிரிப்பை அடக்க முடியாம கரண்டியைக் கடிச்சிக்கினு. "மாமா, கொழம்புல அக்கா அப்பவே உப்பு போட்டுட்டாங்க"ன்னான்.

அமிர்தம் சீட்டு மேல இருந்த காக்காவை ஒரு தரம் பாத்தா. கண்ணைத் தொடச்சிக்கினா. அப்புறம் என்னைப் பாத்தா. ஒரு வருசம் கழிச்சி வாயைத் தொறந்தா.

"இன்னா காக்கா, உப்பு கம்மியா?"