ரெண்டு பட்டன் கை

பாட்டோட முதல் தட்டுலயே சாலமோன் அண்ணா ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாரு. கிட்டார் அது பாட்டுக்கு பெல்ட்ல தொங்குது.

ஆராதனை நடுவுல ஒருத்தர் கை தூக்கினா என்னாவும்? சபையே தூக்கிடுச்சு.

"ஸ்தோத்திரம்!"

நான் அவருக்குப் பின்னாடி என் கிட்டாரோட நின்னுக்கினு தரையைப் பார்த்தேன். அவருக்குச் சொல்லிக்குடுத்த மாஸ்டர் நான்தான். வயசு பதினேழு. பதினொண்ணாவதோட ஸ்கூலை நிறுத்தியாச்சு. இடது கையால கம்பியை அமுக்கிப் புடிக்கிற கார்டு, அதுல தெரிஞ்சது மொத்தம் ஆறு.

அண்ணாவுக்கு ஒரே ஆசை. பொண்ணோட முதல் பொறந்தநாளுக்கு சபையில ஒரு பாட்டு வாசிக்கணும், அதுவும் மாமியார் முன்னாடி. "கம்பெனி கைக்கு கிட்டாரு ஒண்ணுதான் கொறச்சல்"னு அந்தம்மா சொல்லியிருக்காங்க.

"வலது கைதாண்ணா முக்கியம். தட்டினவுடனே கம்பியை உட்டு எடுத்துடணும்"னு முதல் நாளே சொன்னேன்.

எடுத்தாரு. இடது கையும் கூடவே வந்துச்சு.

"அதை ஏண்ணா எடுக்குறீங்க?"

"நான் எங்க எடுத்தேன்? அதுவா வருது தம்பி!"

விசாரிச்சா, தேர்வாய் கண்டிகை கம்பெனியில எட்டு வருஷமா தகடு அமுக்குற பிரஸ் மெஷின் வேலை. மெஷினுக்கு ரெண்டு பட்டன். ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்கினாதான் பிரஸ் இறங்கும். விரல் மாட்டக்கூடாதுன்னு அந்த ஏற்பாடு. அமுக்கினாலும் ரெண்டு கை, எடுத்தாலும் ரெண்டு கை.

நம்மளுக்குத்தான் மூளை அதிகமாச்சே!

"இடது கையை பாக்கெட்ல உட்டுக்குங்க. கார்டு நான் புடிக்கிறேன்."

ஒரே கிட்டார், ரெண்டு ஆளு, மூணு வாரம். வலது கை சூப்பரா வந்துச்சு. "ரெடிண்ணா"ன்னு நானே சொல்லிட்டேன்.

மேடை ஏறுறப்போதான் அவர் கேட்டாரு. "தம்பி, இன்னிக்கு கார்டு யாரு புடிப்பா?"

பேஜாராயிடுச்சு. அதை நான் யோசிக்கவே இல்ல.

"சரி உடு. நீ உன் கிட்டாரோட பின்னாடி நில்லு. நான் கையைத் தூக்கிட்டா நீ வாசி. இன்னா நடந்தாலும் பாட்டு நிக்கக்கூடாது. இன்னா?"

"சரிண்ணா."

முதல் ரெண்டு தடவை நான் வாசிச்சு ஒப்பேத்திட்டேன். இப்போ மூணாவது தடவையா தூக்கினாரு. பாஸ்டர் கண்ணை மூடி அழுவுறாரு. மாமியார் ரெண்டு கையையும் தூக்கிக்கினு பக்கத்துல இருக்குறவங்ககிட்ட சொல்றாங்க: "எங்க மருமவன். இவ்ளோ பக்தின்னு எனக்கே தெரியாது!"

"வாசிடா!"ன்னு அண்ணா பல்லைக் கடிச்சாரு.

சுத்திப் பார்த்தேன். அந்த ஹால்ல கை கீழ இருந்தது எனக்கு மட்டும்தான். பாஸ்டரம்மா என்னையே மொறைச்சுக்கினு இருந்தாங்க.

நானும் கிட்டாரை உட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டேன்.