நாற்பத்தொன்றாம் கேள்விக்கு நான் சொன்ன பதில்

மடவளை,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

என்னைவிடக் கால் மணித்தியாலம் மூத்தவராகப் பிறந்து, அந்தக் கால் மணித்தியாலத்துக்காகவே வாப்பாவின் கட்டளைப்படி நான் இன்றுவரை 'தாத்தா' என்று அழைக்கும் உடன்பிறப்பு ஜெஸீமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் இடது முழங்காலைக் கணக்கில் எடுக்காவிட்டால், இங்கே நானும் என் மனைவி பௌஸியாவும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். கலகெதரையில் நீங்களும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் பேசினாலே உங்கள் மருமகள், "மாமிக்கு வெளங்காது" என்று சொல்லிப் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். பிறகு வீடும் கேட்கிறது, பக்கத்து வீடும் கேட்கிறது. இது நீங்கள் மட்டும் படிக்கவேண்டிய விஷயம். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து லோஜினி என்று ஒரு பிள்ளை வந்தாள். கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, நல்ல பணிவு. ஆண்களும் பெண்களும் நடத்தையிலும் படிப்பிலும் மனநலத்திலும் எங்கெங்கே வேறுபடுகிறார்கள் என்று ஆராய்கிறார்களாம். அதற்கு ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்த ஆணும் பெண்ணும் வேண்டுமாம், அதுவும் அறுபது தாண்டியவர்கள் கிடைப்பது அருமையாம். எங்களைக் காட்டிக்கொடுத்தவர் மருந்துக்கடை நஸீப். எண்பது கேள்விகள். முதலாவதிலேயே சிக்கல் வந்துவிட்டது. சிறுவயதில் யாரோடு படித்தீர்கள் என்றாள். தாத்தாவோடு என்றேன். ஒரே வகுப்பா என்றாள். ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம் என்றேன். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "சார், ஒங்க தாத்தா அந்த வயசுலயா பள்ளிக்கூடம் வந்தாரு?" என்று கேட்டாள். அவர்கள் பக்கம் தாத்தா என்றால் தகப்பனுக்குத் தகப்பனாம். பௌஸியா குசினியிலிருந்து வந்து, "மகள், நாங்க தாத்தான்னு செல்லியது கூடப்பொறந்த மூத்த பொம்புளப் புள்ளைய, அக்காவ" என்று விளக்கிய பிறகுதான் எழுதியதை அடித்தாள். அடித்த வரிகளில் ஒன்றில், அவளாகவே கணக்குப் போட்டு, நீங்கள் மௌத்தாகி அடக்கமாகி நாற்பது வருடம் என்று இருந்தது. எதற்கும் ஏழை ஒருவருக்கு ஒரு ஸதகா கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது நடத்தை. சிறுவயதில் இருவரில் மரம் ஏறியவர் யார்? நான் என்றேன். சண்டை பிடித்தவர்? நான். அடிக்கடி அழுதவர்? தாத்தா. இதையெல்லாம் நான் திட்டம்போட்டுச் சொல்லவில்லை. ஆண் பிள்ளையைக் கேட்டால் என்ன சொல்லவேண்டுமோ அது தானாக வாயில் வந்தது. அவள் போனபின் கதிரையில் சாய்ந்திருந்தபோதுதான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற ஜம்பு மரம் ஞாபகம் வந்தது. நீங்கள் உச்சிக் கொப்பில் நின்று காய் பறித்துப் போடுவீர்கள். நான் கீழே புத்தகப் பையை விரித்துக்கொண்டு, "போதும் தாத்தா, எறங்குங்க, சேர் வாறார்" என்று நடுங்குவேன். செவ்வெறும்பு கழுத்தில் ஏறி நான் அழுத அழுகையில் நீங்கள் பாதி மரத்திலிருந்தே குதித்து வந்து ஒவ்வோர் எறும்பாகப் பிடுங்கி எறிந்தீர்கள். "அழாதே தம்பி, பொம்புளப் புள்ளயள் பாத்துச் சிரிக்கப் போறாங்க" என்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உங்களைப் பெண்பிள்ளைகளின் கணக்கில் நீங்களே சேர்க்கவில்லை. கட்டுகஸ்தோட்டை பஸ் நிறுத்தத்தில் என்னைத் தள்ளிவிட்டவனைக் குடையால் அடித்ததும் நீங்கள்தான். குடை வளைந்துபோய் மழையில் இருவரும் நனைந்து வந்தோம். உம்மாவிடம் காற்று அடித்தது என்றோம்.

பிறகு ஒரு தாளில் சின்னச் சின்னப் பெட்டிகளை அடுக்கி வரைந்த படங்களைக் காட்டினாள். ஒரு படத்தைத் திருப்பினால் மற்ற எந்தப் படம் வரும் என்று சொல்லவேண்டும். பல ஆராய்ச்சிகளில் இதில் ஆண்கள் கொஞ்சம் கூடச் செய்கிறார்களாம். முப்பத்துநான்கு வருடம் கணிதம் படிப்பித்த நான் கண்ணாடியைத் துடைத்தேன், தாளைத் திருப்பினேன், "தாள திருப்பக்கூடாது சார்" என்றாள், தலையைத் திருப்பினேன். பத்தில் மூன்று. தேத்தண்ணி கொண்டுவந்த பௌஸியா என் தோளுக்கு மேலால் பார்த்து, மூன்றாவது, முதலாவது, நாலாவது என்று சொல்லிக்கொண்டே போனார். பத்துக்குப் பத்து. "எப்பிடிங்கம்மா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். "கலியாண அலுமாரி வாசல்ல மூணு நாள் சிக்கிக் கெடந்திச்சி மகள். எந்தப் பக்கம் சரிச்சா உள்ளுக்குப் போகும்னு நான் செல்லியும் இவர் கேக்கல்ல. இவர் பள்ளிக்குப் போன நேரம் பாத்து நான் ஆள் புடிச்சி உள்ளுக்கு வெச்சேன்" என்றார். அலுமாரி தானாக அசைந்து உள்ளே போனதாகத்தான் நான் நாற்பது வருடமாக நினைத்திருந்தேன்.

மனநலப் பகுதி வந்தது. கடந்த காலத்தில் காரணமில்லாமல் மனம் சோர்ந்தது உண்டா, அழுதது உண்டா. இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு போனேன். திரைச்சேலைக்குப் பின்னால் இருந்து, "ரிட்டயர் ஆன வருஷத்தச் செல்லுங்க" என்று குரல் வந்தது. பௌஸியாவே வந்து உட்கார்ந்தார். "விடிய ஏழு மணிக்கு, பள்ளிக்கூட பெல் அடிக்கிற நேரம், குளியலறைக்குப் போய்ப் பைப்பத் தொறந்து உடுவார் மகள். அர மணித்தியாலம் தண்ணி ஓடும். வெளிய வந்தா தல காஞ்சி ஈக்கும், கண்ணு செவந்து ஈக்கும்." அந்தப் பிள்ளை பேனையை மூடினாள். "யார்கிட்டயாவது சொன்னீங்களா சார்?" என்றாள். இல்லை என்றேன். அன்று சொன்ன ஒரே உண்மையான 'இல்லை' அதுதான். ஏழு வருடமாகத் தண்ணீரின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்று இருந்திருக்கிறேன், தாத்தா. உங்களுக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் பஸ்ஸில் வந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

இப்போது நாற்பத்தொன்றாம் கேள்விக்கு வருகிறேன். அதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன். 'சிறுவயதில் உங்கள் இருவரில் கணிதத்தில் திறமையானவர் யார்?' நான்தான் என்றேன். கேட்டு முடிக்குமுன் சொன்னேன். அதே கேள்வியை எனக்குப் பதின்மூன்று வயதில் வாப்பா கேட்டார். டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து இருவருக்கும் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்திருந்தது. வாப்பா துணிக்கடையால் வந்து, தொப்பியைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "ரெண்டு பேரையும் டவுனுக்கு அனுப்ப ஏலாது. கணக்குல ஆரு கெட்டி?" என்றார். நீங்கள் கதவடியில் நின்றீர்கள். கையில் இருந்தது என்னுடைய கணக்குக் கொப்பி. அந்த நிமிடம்தான் எனக்கான ஏழாவது கணக்கைச் செய்து முடித்திருந்தீர்கள், விரலில் மை காயவில்லை. நான், "நான் வாப்பா" என்றேன். நீங்கள் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு உம்மாவுக்குத் தேங்காய் துருவப் போனீர்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் டவுனிலிருந்து நான் கொண்டுவந்த கணக்கெல்லாம் உங்களிடம்தான் வந்தது. வாப்பாவின் கடை வெட்டுத்துணியை மூலைக்கு மூலை மடித்து பைதகரஸ் தேற்றத்தை எனக்கு விளங்கவைத்தீர்கள். முப்பத்துநான்கு வருடமும் நான் வகுப்பில் அதே மாதிரித் துணி மடித்துத்தான் காட்டினேன். "சேர் சொன்னா வெளங்குது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். எந்த வகுப்பிலும் உங்கள் பெயரை நான் சொன்னதில்லை.

அந்த லோஜினி அடுத்த வாரம் கலகெதரைக்கும் வரப் போகிறாள். இதே எண்பது கேள்விகளையும் உங்களிடம் கேட்டு, இருவரின் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். ஆகையால் தயவுசெய்து, மரம், சண்டை, அழுகை என்பவற்றில் எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை, நாற்பத்தொன்றில் மட்டும் 'தம்பி' என்று சொல்லிவிடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரின் மானம் உங்கள் கையில். கேட்க வெட்கமாக இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன்.

உங்கள் கைகளுக்கும் கண்களுக்கும் அல்லாஹ் குறைவைக்காமல் இருக்கட்டும். பேரப்பிள்ளைகளின் தலையை எனக்காகத் தடவிவிடுங்கள். பௌஸியா ஸலாம் சொல்கிறார், அனுப்பிய மாசிக்கருவாட்டுத்தூள் போத்தல் கிடைத்ததா என்றும் கேட்கிறார்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பின்னால் பிறந்த தம்பி,
மஹ்ரூப்

பின்குறிப்பு: வியாழக்கிழமை. கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டியைத் தாண்டித் தாண்டி நடந்தேன். இன்று காலை மனம் கேட்காமல் லோஜினிக்குப் போன் எடுத்து, நாற்பத்தொன்றில் நான் சொன்னது பொய், தாத்தாவின் பெயரைப் போடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் தாள்கள் புரண்டன. பிறகு, "என்ன சார் இப்ப வந்து மாத்துறீங்க. அடுத்த வாரம்னு சொன்னாலும் நேத்தே கலகெதர போயிட்டு வந்துட்டேன். எம்பது கேள்வியில நீங்க ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னது அந்த ஒன்னுதான்" என்றாள். உடனே, "இத நான் சொல்லியிருக்கக் கூடாது சார்" என்று பயந்துபோனாள்.

நான் கேட்காமலே 'தம்பி' என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே மேலே கேட்டதை விட்டுவிடுங்கள், கிழிக்கவும் வேண்டாம், மருமகளிடம் கொடுத்து எல்லாருக்கும் கேட்க வாசிக்கச் சொல்லுங்கள். லோஜினி இரண்டு புதிய படிவங்களோடு சனிக்கிழமை கலகெதரைக்கு வர ஒத்துக்கொண்டாள். நானும் பௌஸியாவும் வருகிறோம். இந்த முறை உங்களிடம் முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் பதில் சொல்லும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.