நீலக்கோட்டுக்காரனுக்கு மேலே நான்

நீலக்கோட்டுக்காரனை ஒழித்துக்கட்டியே தீருவது என்று ஒரு மத்தியானம் முடிவு செய்தேன். கையில் இருந்த ஒரே ஆயுதம் மவுஸ்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறவன். வீட்டின் முன்பக்கமே கடை. பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடியதா, நான் அதை விட்டு ஓடினேனா என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. ஆனால் பேரத்தில் என்னை எவனும் மடக்கியது கிடையாது. மூன்று கால் நாற்காலியை, "சுவரோரம் போடறதுக்குன்னே செஞ்சது சார்" என்று விற்றவன் நான். கோபம் கொஞ்சம் வரும். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். தெருவைக் கேட்டால் வேறு அளவு சொல்லும்.

என் தொழில் ரகசியம் ஒன்றை இலவசமாகத் தருகிறேன். ஓர் அலமாரி மாதக்கணக்கில் விலை போகாமல் நிற்கிறதா? வருகிறவரிடம், "அதைத் தொடாதீங்க சார், நேத்தே ஒருத்தர் பாத்து வெச்சிட்டுப் போயிருக்கார்" என்று சொல்லுங்கள். அதுவரை அதன் மேல் குடையை மாட்டிவிட்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்த மனுஷர், உடனே அதன் கதவைத் திறந்து மோந்து பார்ப்பார். "அவருக்கு ஏன்? எனக்கே குடுங்க" என்பார். அந்த 'ஒருத்தர்' இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. ஆனால் என் கடையில் அதிகமாக விற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

என் மனைவிக்கு என்னிடம் இரண்டு குறை. ஒன்று, என் தொப்பை. "டாக்டர் நீச்சல் போகச் சொல்லிட்டாரு, நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே ஆள் தேடறீங்க" என்பாள். இரண்டாவது, கடைச் சாமான்களின் படம். இப்போதெல்லாம் ஜனங்கள் போனில் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள். நான் எடுத்த படங்களில் நாற்காலிக்குப் பின்னால் உடைந்த பீரோ, பீரோவுக்குப் பக்கத்தில் என் செருப்பு.

"பின்னாடி இருக்கற குப்பையெல்லாம் கம்ப்யூட்டர்ல வெட்டி எடுத்துடலாமாம். கத்துக்கோங்களேன்."

"நானா? உளி பிடிச்ச கை இது. எலி பிடிக்காது."

"அப்ப யாரு செய்யறது?"

"நீதான். நூலகத்து மாடில கிளாஸ் நடக்குதாமே, போய்க் கத்துக்கோ. உனக்கு இருக்கற மூளைக்கு..."

அவள் யோசித்தாள். யோசித்து, சரி என்றாள். வேலை அவள் தலையில், பெருமை என் தலையில். பேரம் படிந்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு தடவை காபி குடித்தேன்.

கிளாஸுக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டில் ஒரே 'லேயர்' பேச்சு.

"லேயர்னா என்னடி?"

"கண்ணாடித் தாள் மாதிரிங்க. ஒரு தாள்ல ஏரி. அதுக்கு மேல ஒரு தாள்ல ஆள். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிட்டா ஒரே படம். ஆள் வேண்டாம்னா அந்தத் தாளை மட்டும் எடுத்துடலாம், ஏரிக்கு ஒண்ணும் ஆகாது."

"இதுக்கு ஒரு கிளாஸு!" என்று கொட்டாவி விட்டேன். அந்தக் கொட்டாவிதான் நான் நிம்மதியாக விட்ட கடைசிக் கொட்டாவி.

அடுத்த வாரம் கடையின் பின்னறையில் கம்ப்யூட்டர் திறந்தபடி இருந்தது. திரையில் ஒரு ஏரிக்கரை. ஏரிக்கரையில் என் மனைவி. பக்கத்தில், முழங்கை உரசும் தூரத்தில், நீலக்கோட்டு போட்ட ஒருத்தன். அவன் தலையில் இருந்த முடியை நாலு பேருக்குப் பங்கு வைக்கலாம். நாலு பேரில் ஒருத்தனாக நான் வரிசையில் நிற்கலாம். பல் வரிசை, புதுசாக வார்னிஷ் அடித்த மாதிரி.

"யாரு இது?"

"எது?"

"இந்த நீலக்கோட்டு!"

"ஓ... அவரா?" அந்த 'ரா'வை அவள் இழுத்த இழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "கிளாஸ்ல எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும்."

"எதுக்குப் பிடிக்கணும்?"

"கோவமே வராது. ஒரு வார்த்தை கத்த மாட்டார். எப்பப் பாத்தாலும் இதே சிரிப்பு."

"கோவமே வராதா? டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு!"

மறுநாள் கிளாஸுக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகத் தலை சீவினாள்.

"கிளாஸுக்கு எதுக்கு இவ்வளவு சீவல்?"

"முடி இருக்குங்க. சீவறேன்."

எனக்கு வயிற்றில் அடுப்பு பற்றிக்கொண்டது. சாப்பாடு இறங்கவில்லை, இறங்கினாலும் அங்கேயே வெந்தது. தெருவில் நீல நிறம் தெரிந்தால் எட்டிப் பார்த்தேன். நீலக்கோட்டில் ஒரு வாடிக்கையாளர் வந்து கட்டில் வேண்டும் என்றார். "இங்க கட்டிலே கிடையாது" என்று கத்தினேன். அவர் உட்கார்ந்திருந்ததே கட்டில் மேல்தான்.

அப்போதுதான் அந்த முடிவை எடுத்தேன். அவன் நிற்கும் தாளை உருவ வேண்டும். அவள் கிளாஸுக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புதியவர்களுக்கான வீடியோ ஒன்றைப் போட்டேன். ஒரு பெண் குரல் "பயப்படாதீங்க" என்றது. யாரைப் பார்த்து!

வலது பக்கம் அடுக்கு அடுக்காகச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கண் படம், தட்டினால் அந்தத் தாள் மறையுமாம். அடியில் ஏரி, அதற்கு மேல் என் மனைவி, உச்சியில் அவன். என் மனைவிக்கு மேலே அவன்! அடுக்கிலேயே திமிர்.

முதலில் கறுப்புத் தூரிகையை எடுத்து அவன் பல்லில் பூசினேன். ஒன்றும் ஆகவில்லை. அழுத்திப் பூசினேன். சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகுதான் தெரிந்தது, நான் தேர்ந்தெடுத்திருந்தது ஏரியின் தாளை. பூசிய மை முழுக்க அவனுக்குப் பின்னால் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது.

சரி, ஆளையே தூக்கிவிடலாம் என்று அழிக்கும் பொத்தானைத் தட்டினேன். என் மனைவி போய்விட்டாள்! ஏரி இருக்கிறது, அவன் இருக்கிறான், அவளைக் காணோம். "ஐயோ, வாடி!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு லாரிக்காரர் ஜன்னலைத் திறந்து, "அண்ணே, அண்ணி எங்கே போயிட்டாங்க?" என்றார். வீடியோவைப் பின்னால் ஓட்டி, செய்ததைத் திருப்பும் வழியைக் கண்டுபிடித்து அவளை மீட்டேன். மையும் போயிற்று. உடம்பெல்லாம் வேர்வை.

மூன்றாவது தடவை சரியான தாளைப் பிடித்தேன். அழிக்க விரல் போனது. ஆனால் நான் வியாபாரி. எந்தச் சரக்கையும் தூக்கி எறிந்து பழக்கமில்லை. மூலையில் போட்டு மூடித்தான் வைப்பேன். அவன் பெட்டியின் கண்ணை மட்டும் குத்தினேன். மறைந்தான்.

இப்போது என் மனைவிக்குப் பக்கத்தில் காலி இடம். காலி இடத்தைச் சும்மா விடுகிற ஜாதியா நான்? கடை வாசலில் எடுத்த என் படத்தைக் கொண்டுவந்து, பின்னணியை வெட்ட ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரு காதும் சேர்ந்து போனது. மறுநாள் காதைப் பிடித்து ஒட்டினேன். தலை சுலபம், வெட்ட முடி இல்லை. தொப்பைக்கு மட்டும் தனியாக ஒரு மத்தியானம் பிடித்தது. வெட்டும்போதே கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டினேன். கொண்டுபோய் வைத்தால் என்னையே காணோம்! ஏரிக்கு அடியில் போய்விட்டேன். என் தாளைப் பிடித்து ஏரிக்கு மேல், அவளுக்கு மேல், மறைந்து கிடந்தவனுக்கும் மேல் என்று உச்சிக்கு இழுத்தேன். என்ன கம்பீரம்!

நான் என்னையே ரசித்துக்கொண்டிருந்தபோது லாரிக்காரர் போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முகம் சரியில்லை.

"அண்ணே, எங்க அக்கா நர்ஸு வேலைல இருந்து ரிடையர் ஆகி, பொழுது போகலைன்னு அந்தக் கிளாஸுக்குப் போகுது. இது யாருன்னு தெரியுமா பாருங்க."

பார்த்தேன். ஏரிக்கரை. லாரிக்காரரின் அக்கா. பக்கத்தில் நீலக்கோட்டு.

எனக்கு இறக்கை முளைத்தது. துரோகி! கையும் களவுமாக மாட்டினான்! மனைவி வாசலில் கால் வைத்ததும் பாய்ந்தேன்.

"உன் நீலக்கோட்டு யோக்கியதை தெரியுமா? எதிர்வீட்டு அக்காகூட ஏரிக்கரைல நிக்கறான்!"

"அதே ஏரியா?"

"அதே ஏரி! அதே கோட்டு! அதே சிரிப்பு! அதே..." நான் பாதியில் நின்றேன். அதே கோணம். முழங்கைகூட அதே மடிப்பு.

"எல்லார்கூடவும்தாங்க நிக்கறார்" என்றாள் அவள், பையை ஆணியில் மாட்டிக்கொண்டே. "முதல் பாடத்துல குடுக்கற பயிற்சிப் படம் அது. ஏரி தனி, அவர் தனி. நம்ம படத்தை வெட்டி நடுவுல ஒட்டணும். லேயர் பழகறதுக்கு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று கால் நாற்காலி. எழுந்து நின்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் மூடிவைத்த அவன் கண்ணைத் தட்டித் திறந்தாள். நீலக்கோட்டுக்காரன் எனக்குப் பின்னால் எழுந்தான். நான் உயரத்தில் கொஞ்சம் குறை என்பதால், என் மொட்டைத் தலைக்கு மேலே அவன் முடி மட்டும் அலை அலையாகத் தெரிந்தது. எனக்கே முளைத்த மாதிரி.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இதை நீங்களே வெட்டினீங்களா?"

"ம்."

"ஓரமெல்லாம் இவ்வளவு சுத்தமாவா! விரல் இடுக்குகூட விடலையே! எனக்கே இப்படி வரலைங்க."

"அது... உளி பழகின கை."

"நாற்காலி கால் இடுக்கெல்லாம் வெட்ட உங்களை விட்டா ஆளே இல்ல."

"பின்ன!" என்றேன். சொன்ன பிறகுதான் எங்கோ மணி அடித்தது. "இரு, இரு. முதல் பாடம்னு சொன்னியே. நீ அதை முதல் வாரமே முடிச்சிருப்பியே. அந்தப் படம் ஏன் போன வாரம் திரையில திறந்திருந்துது?"

"நீங்க பாக்கணும்னுதான்."

"எதுக்கு?"

"எத்தனை தடவை கெஞ்சியும் நீங்க கம்ப்யூட்டரைத் தொடல. நீங்களும் உங்க கடைல விலை போகாம நிக்கற அலமாரி மாதிரிதானே? 'நேத்தே ஒருத்தர் பாத்து வெச்சிட்டுப் போனார்'னு சொன்னாத்தானே வித்துப் போகுது?"

என் தொழில் ரகசியம். என் கடையிலேயே திருடி, என்னிடமே விற்றிருக்கிறாள்.

இப்போது தினமும் மத்தியானம் நான் பின்னறையில் உட்கார்ந்து நாற்காலிக் கால்களுக்கு நடுவே வெட்டிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு அந்த நேரம் முழுக்க ஓய்வு. ஓய்வை வீணாக்காமல் நீச்சல் கிளாஸில் சேர்ந்துவிட்டாள்.

"மாஸ்டர் ரொம்ப நல்ல மாதிரிங்க" என்றாள் நேற்று. "தோள் மட்டும் இந்த வாசல் அகலம் இருக்கும். கோவமே வராது."

நான் சிரித்தேன். ஒரு தடவை ஏமாறுவேன், இரண்டாம் தடவையா? "ஆள் நிஜமா, லேயரா?" என்றேன்.

"வந்து பாருங்களேன்" என்று சொல்லிவிட்டுத் தலை சீவப் போனாள்.

இன்று காலை கடைத்தெருவில் எனக்கு ஒரு நீச்சல் கால்சட்டை வாங்கினேன். கடைக்காரன் சொன்ன விலைக்கே.