காசு வாங்காத ஒரு கிண்ணம் செண்டோல்

உ
முருகன் துணை

ஈப்போ, மலேசியா
12.8.1979

அன்புள்ள தங்கை முத்தம்மாவுக்கு அண்ணன் சின்னையா எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வயிறும் சுகம். அங்கே நீ, மச்சான், நவமணி, சினைப்பசு எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுமென்று முசிறியில் உள்ள அத்தனை சாமியையும் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன். முப்பத்தோரு வருஷம் தபாலாபீஸில் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவனுக்கு, வெளிநாட்டிலிருந்து சொந்தமாக ஒரு கடிதம் எழுத இப்போதுதான் வாய்த்திருக்கிறது. ஆகையால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் நீ பதறாமல் இருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருச்சி ஜங்ஷனில் ரயில் கிளம்புகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ என்ன சொன்னாயோ அதன்படிதான் நடந்திருக்கிறேன். நிச்சயம் ஆகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது, தாய்மாமன் ஒரு வாய் சாப்பிட்டால் பெண் வீட்டார் சம்மதித்தது போலாகிவிடும், அப்புறம் பின்வாங்க முடியாது என்றாய். அந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இது சத்தியம். மீதியை இனி நிதானமாகப் படி.

கப்பலில் ஏழு நாளும் நான் தின்றது எதுவும் என்னிடம் தங்கவில்லை. காலி வயிற்றோடு வந்து இறங்கினால், இந்தச் சம்பந்தத்தைச் சொன்ன நம் பங்காளி சன்னாசி தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். மாப்பிள்ளையின் அப்பா ஐயாவுவும் அம்மா காளியம்மாவும் பாகான் டத்தோவுக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்களாம், பன்னிரண்டாம் தேதிதான் வீட்டுக்குப் போகலாமாம். ஆக எனக்கு ஒன்பது நாள் சும்மா கிடைத்தது. சன்னாசியும் அவன் பெண்டாட்டியும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். நான், ஒரு குடை, ஈப்போ பட்டணம். மாப்பிள்ளை வீட்டில்தானே சாப்பிடக் கூடாது என்றாய், ஊரில் சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லையே.

முத்தம்மா, இந்த ஊரில் தெருவே ஒரு அடுப்பங்கரை. காலையில் பொம் பொம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒருவர் சைக்கிளில் வருகிறார், பெட்டியைத் திறந்தால் நம்ம இடியாப்பம். அதற்குப் பெயர் புட்டு மாயமாம், தேங்காய்ப் பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார், குருமா எங்கே என்று நான் சண்டை போட்டுக்கொண்டே ஆறு இடியாப்பம் தின்று முடித்துவிட்டேன். அப்புறம் ஒரு சீனப் பெரியவர் மரப்பீப்பாயிலிருந்து வெள்ளைவெளேரென்று எதையோ மெல்லிசாக வழித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார், தயிராக்கும் என்று நினைத்து உப்பு கேட்டேன், ஊறுகாயும் கேட்டேன், இரண்டையும் சாடையில் கேட்டேன். அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு மேலே சீனிப்பாகை ஊற்றிக் கையில் கொடுத்தார். சோயா மொச்சையில் செய்வதாம், தாவூஃபாவாம், தொண்டையில் இறங்கியதே தெரியவில்லை, அதனால் இறங்கியதா என்று பார்க்க இன்னொன்று வாங்கினேன். வேர்க்கடலைப் பொடி வைத்து மடித்த ஒரு ஆப்பம் இருக்கிறது, அதைச் சூட்டோடு கடித்து நாக்கு வெந்துபோய் அரை நாள் ழகரம் வராமல் பேசினேன்.

இவ்வளவுக்கும் சன்னாசி குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பெரிய மரத்தடி முக்குப் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்றான். முதல் நாள் அங்கே கடிநாய் இருக்கிறதென்றான், மறுநாள் சாக்கடை தோண்டுகிறார்கள் என்றான், அதற்கு மறுநாள் அம்மை போட்டிருக்கிறது என்றான். ஒரு முக்குக்கு இத்தனை காரணம் சொன்னால் போகாமல் எப்படி இருப்பது, அன்றைக்குச் சாயங்காலமே போய்விட்டேன். நாயும் இல்லை, சாக்கடையும் இல்லை. ஒரு தபால் பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி, வண்டிக்குப் பின்னால் தலையில் துண்டு கட்டி, அரைக்கால் சட்டை போட்டு, முழங்கைவரை ஐஸ் சொட்ட நிற்கும் ஒரு தம்பி.

அவன் கொடுத்ததுதான் செண்டோல். கிண்ணத்தில் பச்சைப் பச்சையாகப் புழு நெளிகிற மாதிரி இருந்தது, புழுவை எடுத்துவிட்டுக் கொடு என்றேன். அது அரிசி மாவு ஐயா, நம்ம சேவை மாதிரிதான் என்றான், சரியென்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி வாயில் வைத்தேன். தேங்காய்ப்பால், தென்னங்கருப்பட்டிப் பாகு, வெந்த சிவப்புப் பயறு, மேலே குவித்துச் சீவிய ஐஸ். எனக்குக் காது இரண்டும் குளிர்ந்துபோய்விட்டது. பாகு போதாது, ஐஸ் அதிகம், பயறு வேகவில்லை என்று ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு குறை சொன்னேன், ஏனென்றால் குறை சொன்னால் அவன் மறுபடி ஒரு கரண்டி போட்டான். ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை. கரண்டியின் பிடியை என் பக்கம் திருப்பி வைத்துக் கொடுப்பான், அப்படி ஒரு பதவிசு. ரிட்டையர் ஆனபிறகு நான் இப்படி உட்கார்ந்து சிரித்துப் பேசியதே இல்லை, ரொம்ப சந்தோஷமாக இருந்தேன் முத்தம்மா. தினமும் போனேன்.

போனால் பேச்சு வரும், பேச்சு வந்தால் எனக்கு நிற்காது, உனக்குத் தெரியும். ஒரு பையனைப் பார்க்க வந்திருக்கிறேன், ஈயச் சுரங்கக் கம்பெனியில் கிராணி, அதாவது எங்கள் ஊர்ப் பாஷையில் குமாஸ்தா என்றேன். போட்டோவில் கோட்டு மாட்டிக்கொண்டு யாரையோ அடிக்கப் போகிற மாதிரி முறைக்கிறான் என்றேன். என் தங்கை ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் சம்பந்தத்தை, பெண்ணை இட்லிப் பானைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று தட்டிவிட்டவள், நாற்காலி உத்தியோகம் என்றால்தான் இறங்கி வருவாள் என்றேன். உன்னைப் பற்றி இன்னும் ஓரிரண்டு வார்த்தையும் சொல்லியிருப்பேன், எல்லாம் பெருமையாகத்தான். அவன் ஐஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். வெள்ளிக்கிழமை, பையன் வீட்டில் கொடுக்க வைத்திருந்த நம் பெண் நவமணியின் போட்டோவையும் எடுத்துக் காட்டினேன். அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஓரத்தை மட்டும் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"பொண்ணு என்னா சொல்லுச்சு ஐயா?" என்றான்.

பெண்ணிடம் யார் கேட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் நான் புறப்படுகிற அன்று நவமணி என் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னது ஞாபகம் வந்தது. சம்பளம், வீடு எல்லாம் அம்மா கேட்டுக்குவாங்க மாமா, நீங்க அந்த ஆளு சிரிப்பாரான்னு மட்டும் பாத்துட்டு வாங்க என்றாள். அதைச் சொன்னேன். அவன் இன்னொரு கிண்ணம் போட்டு நீட்டினான், அதற்குக் காசு கொடுத்தேன், வேண்டாமென்று தள்ளிவிட்டான். அந்த ஒரு கிண்ணம்தான் முத்தம்மா இன்றைக்கு வினையாகிவிட்டது.

இன்று காலை வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றி நிறையத் திருநீறு என்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். ஐயாவு சுங்காய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், பத்து வருஷத்துக்கு முன் பட்டணம் வந்தவராம், வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் வேண்டாம் என்றேன், காப்பி வேண்டாம் என்றேன், முறுக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை ஜெயபாலன் முழுக்கைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரி, போட்டோவில் இருந்த அதே முறைப்போடு பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். வைத்தவன் கரண்டியின் பிடியை என் பக்கம் திருப்பினான்.

எனக்கு அங்கவஸ்திரம் நழுவிவிட்டது. நாலரை மணிவரை கிராணி, ஐந்து மணிக்குமேல் செண்டோல்காரன், கடை அவன் அப்பாவுடையது, அவர் ஊரில் இல்லாததால் இவன் தனியாக நின்றிருக்கிறான். கடை விஷயம் தெரிந்தால் நீ சம்மதிக்க மாட்டாய் என்று பயந்து சன்னாசி மறைத்திருக்கிறான், நாயும் சாக்கடையும் அம்மையும் அதற்குத்தான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், ஐயாவு விடவில்லை.

"ஏழு நாளா நம்ம கடையில சாப்பிட்டுட்டு, இப்ப தண்ணி வேணாம்னா எப்படி லா? கை நனைச்சாச்சு, சம்பந்தி."

அது காசு கொடுத்துச் சாப்பிட்டது, கணக்கில் வராது என்றேன். வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணத்துக்குக் காசு வாங்கவில்லை என்று மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அது கரண்டியால் சாப்பிட்டது, கை படவில்லை என்றேன். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தீர்களே மாமா என்றான். சன்னாசி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினான். நான் விடவில்லை, எங்கள் பெண்ணைக் கிண்ணம் கழுவ விடுவீர்களா என்று நேராகவே கேட்டேன். ஐயாவுவுக்குக் கோபமே வந்துவிட்டது. மருமகள் டீச்சர் வேலைக்குப் படித்த பிள்ளை, அது வேலை அது பார்க்கட்டும், என் மெஷினை என் மகனையே நான் தொட விடுவதில்லை, இந்த ஒன்பது நாளில் அதன் பல்லை மழுங்கடித்துவிட்டான் என்று மகனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். தங்கையைக் கேட்காமல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டு, உள்ளே வாழையிலை கழுவுகிற சத்தம் கேட்டும், மீன் குழம்பு வாசனை வந்தும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. முடிவு முழுக்க உன் கையில். காசு வாங்காத கிண்ணம் சம்மதம் ஆகுமா ஆகாதா என்று மச்சானையும் ஊர்ப் பெரியவர்களையும் கலந்துகொள். ஆகாது என்றால் "கிண்ணம் செல்லாது" என்று ஒரு தந்தி கொடு, நான் கண்ணியமாகக் கப்பல் ஏறிவிடுகிறேன். நவமணிக்கு இப்போதைக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

பசு கன்று போட்டால் சீம்பாலில் எனக்கும் ஒரு பங்கு சொல்லிவை. மச்சானுக்கு நமஸ்காரம், நவமணிக்கு என் ஆசீர்வாதம், உனக்குத் தீர்க்காயுசும் கொஞ்சம் பொறுமையும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்

உன் அண்ணன்
சின்னையா

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடச் சாயங்காலம் மரத்தடி முக்குக்கு வந்தேன். மத்தியானம் நான் சாப்பிடாமல் எழுந்து போனதால் அந்த வீட்டில் ஒருத்தரும் சாப்பிடவில்லையாம், காளியம்மா எல்லாவற்றையும் தூக்குச் சட்டியில் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு வண்டிக்கே வந்துவிட்டது. ஐந்து மணிவரை நாலு பேர் எனக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார்கள், நான் என்ன செய்வேன் சொல். தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே இலை போட்டாயிற்று. வலது கை முழங்கைவரை ரசம். தந்தி கொடுக்க வேண்டாம், ஆவணியில் நாள் பார். நவமணியைக் கூப்பிட்டு இந்தக் கடைசி வரியை மட்டும் படிக்கச் சொல்: சிரிக்கிறான் அம்மா, தன்னைப் பற்றி நான் சொன்னதற்கே சிரித்தான்.