கோதண்டம் ஏற்றிய துரை அடுப்பு

காட்டுப்பாக்கம் கோதண்டம் மூர் மார்க்கெட்டிலிருந்து பம்ப் ஸ்டவ் வாங்கிவந்த அன்று அவர் கால் தரையில் பாவவில்லை. வெள்ளைக்கார துரைமார் வீட்டு அடுப்பு என்று கடைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். புகையில்லாமல் நொடியில் காபி வந்துவிடும். குடித்துவிட்டு நாகப்பன் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஐரோப்பா யுத்தத்தை வாயாலேயே நடத்தலாம். அந்த பெஞ்சு இல்லாவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது.

ஸ்டவ்வுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். தெருவே வேடிக்கை பார்க்க, கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்தார்.

"இது மிஷின். என் ஊட்ல என் கையத் தவிர வேற கை இது மேல படாது. அம்மன் மேல சத்தியம்."

பெண்டாட்டி சாமுண்டீஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அந்தப் பணிவைப் பார்த்தபோதாவது மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காபி கேட்டார். சத்தியமாச்சே, நீதான் பற்றவைக்க வேண்டும் என்றாள். வைத்தார். பெருமையாகத்தான் இருந்தது. காபியை இறக்குவதற்குள் வெந்நீர் வந்தது, பிறகு உலை, பிறகு குழம்பு. அவள் எட்ட நின்று, காற்றடி, கிண்டு, இறக்கு என்றாள். மண் அடுப்பில் கோழி அடைகாத்தது. அதைக் கிளப்பலாமென்றால், புகையில்லாத காபிக்கு அவர் நாக்கே பழகித் தொலைத்துவிட்டது. பெஞ்சில் யுத்தம் அவர் இல்லாமலே நடந்தது. குழம்பு கொதித்ததா அண்ணாத்தே என்று தெருவில் போகிறவனெல்லாம் கேட்டான். அவருக்கு அழுகையே வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்டவ் அடைப்பைக் குத்தும் பின்னை ஒளித்துவைத்தார்.

"அடைச்சிக்கினு கீது. இனி பத்தாது" என்றார்.

அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பின்னை எடுத்து நீட்டினாள்.

"இது ஏது?"

"பக்கத்தூட்டு அன்னம்மாக்கா ஸ்டவ் வாங்கிகினாங்க. தெனம் மத்தியானம் நான்தான் குத்திப் பத்தவெச்சிக் குடுக்கிறேன்."

"உனக்குப் பத்தவெக்கத் தெரியுமா? அப்போ இத்த ஏன் தொடல?"

"சத்தியம் நம்ம ஊட்டு ஸ்டவ்வுக்குத்தானே மாமா?"

கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அம்மன் கோயிலுக்கு ஓடினார். சத்தியத்தைக் கழிக்க வழி கேட்டார். பூசாரி வீராசாமி கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். சத்தியம் பண்ணிய கையாலேயே வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் பொங்கல் வைத்துத் தெருவுக்குக் கொடுக்க வேண்டும், வருஷம் முடிந்தால் கழிந்துவிடும் என்றார். அதுவரை சத்தியம் சத்தியம்தான்.

தொங்கிய தலையோடு வீடு திரும்பினார். ஸ்டவ் பக்கத்தில் பெரிய பானை இருந்தது. அரிசி களைந்திருந்தது, வெல்லம் இடித்திருந்தது. பூசாரி சொன்னதைக் கோதண்டம் இன்னும் வாய் திறந்து சொல்லவேயில்லை.

"ஒரு வருசந்தானே மாமா" என்றாள் சாமுண்டீஸ்வரி. "சட்டுனு ஓடிடும்."