மூன்று விசில் கன்செர்டோ

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான ஞானஜோதி அக்காவுக்கு,

தம்பி சாலமோன் எழுதுவது. தேவகிருபையால் என் நுரையீரல் உட்பட இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்காலுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

"அம்பத்திரண்டு வயசுல, பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டு, இது உனக்குத் தேவையாடா?" என்று போனில் கேட்டீர்கள். பேசினால் முடிக்க விடமாட்டீர்கள் என்பதால் கடிதம். தேவைதான் அக்கா. இருபத்தாறு வருஷம் ஆர்கெஸ்ட்ராவில் நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்து ஃப்ளூட் வாசித்தேன். தப்பாக ஊதினால் பக்கத்திலிருப்பவர் மேல் பழி போகும். இருபதாம் தேதி ஞாயிறு அந்த நாற்பது பேரும் பின்னால் இருக்க, நான் ஒருவன் முன்னால் நின்று இருபத்தைந்து நிமிடக் கன்செர்டோ வாசிக்கப் போகிறேன். அதில் இரண்டு நிமிடம் மற்ற எல்லாரும் நிறுத்திவிடுவார்கள், நான் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும். யார் தடுத்தாலும் வாசிப்பேன்.

தடுக்காதவர் யார் என்று கேளுங்கள். அந்தத் தனி இடத்தில் உச்சத்தில் மூன்று நீண்ட சுரங்கள் வரும், அதை நான் வீட்டு ஹாலில் பழக, மாடிவீட்டு ஹேமாவதி டிவி பார்த்துக்கொண்டே தன் குக்கர்தான் மூன்று விசில் விட்டது என்று அடுப்பை அணைத்திருக்கிறாள், நாலு நாள் வேகாத பருப்பைத் தின்ற அவள் புருஷன் சிட்டிபாபு, அவர்தான் எங்கள் ஃப்ளாட் அசோசியேஷன் செயலாளர், நேரே வந்து, "சார், பருப்பு கல்லு மாதிரி கீது. நீங்க ரெண்டோட நிறுத்திக்கக் கூடாதா?" என்றார். இசையமைத்தவர் மூன்றுதான் எழுதியிருக்கிறார் என்று நோட்டைக் காட்டினேன். "அவரு இன்னா, நம்ம அசோசியேஷன்ல மெம்பரா?" என்றார். சரியென்று கார் நிறுத்துமிடத்தில் போய் ஊதினால், யாரோ விசிலடித்துக் கூப்பிடுகிறார்கள் என்று வாட்ச்மேன் அப்பாதுரை கேட்டைத் திறந்துவிட, இரண்டு மாடுகள் உள்ளே வந்துவிட்டன.

இப்போது பம்மல் சர்ச்சில், மத்தியான வெயிலில் பழகுகிறேன். ஃபேன் போட்டால் மூச்சு குழலுக்குப் போவதற்குள் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் ஃபேனும் இல்லை. நேற்று ஒரு தப்பும் இல்லாமல் முடித்தேன். கேட்க பெஞ்சுகள் மட்டும் இருந்தன.

ஆகவே நிறுத்தச் சொல்லி இனி போன் செய்யாதீர்கள். அன்றைக்கு நீங்கள் வரவும் வேண்டாம். நான் மேடையேறினாலே கண்ணை மூடி, உதட்டை அசைத்து ஜெபிப்பீர்கள், அதைப் பார்த்தால் என் உதடு நடுங்கும். எனக்குத் துளியும் பயமில்லை.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம், ஆஷாவுக்கு அன்பு முத்தங்கள். கர்த்தர் உங்கள் வீட்டில் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
சொன்னதைச் செய்யும் தம்பி,
சாலமோன்

பி.கு.: பயமில்லை என்று எழுதியது பொய். பத்தொன்பதாம் தேதி திருநெல்வேலி ரயிலில் உங்கள் பெயருக்கு லோயர் பெர்த் போட்டாகிவிட்டது. எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்குங்கள், ஆட்டோவோடு நிற்பேன். மூன்றாவது வரிசையில் உங்களுக்கு இடம். எல்லாரும் நிறுத்திவிடும் அந்த இரண்டு நிமிடமும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வாசிக்கப் போகிறேன். அப்போது மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபியுங்கள்.